கேக்காம இருக்குற மருவாதை

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. பையை நான் காலுக்கடியில தள்ளிக்கிடுதேன். ஜன்னலை அடைச்சிருதேன், என்ன? காத்து மூஞ்சியில அடிச்சா எனக்குத் தலை வலிக்கும். உங்களுக்கும் வலிக்கும்.

ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துட்டு. ஒட்டுக் கேக்கல, நீங்க சத்தமாப் பேசுனீங்க. துட்டி வீட்டுக்குத்தான போறீங்க? ஸ்ரீவில்லிபுத்தூர்லயா? கூட வேலை பாக்கவரோட அப்பா செத்துட்டாரா. செரி. 'அங்க போயி என்னத்தக் கேக்கதுன்னே தெரியல'ன்னு சொன்னீங்கள்லா, அதக் கேட்டப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. அந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் யோசிச்சு வச்சிருக்கேன்.

ஒண்ணும் கேக்காதீங்க. அம்புட்டுதான். போங்க, சேர் காலியா இருந்தா உக்காருங்க, இல்லன்னா ஓரமா நில்லுங்க, எந்திரிச்சு வந்துருங்க. துட்டி வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லிக்கிடக் கூடாது, அது உங்களுக்கே தெரியும். நல்ல வழக்கம். அத இன்னும் கொஞ்சம் இழுத்து, உள்ள வரும்போதும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தாகன்னா எம்புட்டு நிம்மதியா இருந்திருக்கும்!

நான் சங்கரன்கோவில். பேரு கோமதிநாயகம். எங்க ஊர்ல தெருவுக்கு நாலு கோமதிநாயகம் இருப்பான், அம்மன் பேரு. மோட்டார் காயில் கட்டுத கோமதிநாயகம்னு கேட்டா என்னையக் காட்டுவாக. காட்டுவாகன்னு சொல்லுதேன், இனிமே காட்ட மாட்டாக. கடையைக் கொடுத்துட்டேன். ஈரோட்டுக்கு, மக வீட்டுக்குப் போறேன். ஒரேயடியா. எதுத்த வீட்டுக்காரன் ஒருத்தன் என்னையப் பத்தி என்ன நெனக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போயிருவோம்னு பாத்தேன். தெரியல. தெரியாமலே போறேன். அந்தக் கதையத்தான் சொல்ல வாரேன். உங்களுக்கும் உதவும்.

நான் படிச்சது ராப்பள்ளிக்கூடம். பகல்ல மில்லுல எடுபிடி, பொழுது அடைஞ்சா படிப்பு. ஞானையா சார்னு ஒருத்தரு, அவரு கைக்காசுல சுண்டல் வாங்கிக் கொடுத்துப் பாடம் எடுப்பாரு. பாதிப் பேரு சுண்டலுக்கு வந்தவன். நான் ரெண்டுக்கும் வந்தேன். ஒரு நா போர்டுல ரெண்டு வரி எழுதுனாரு. முத வரி, 'மத்தவன் உனக்கு என்ன செய்யணும்னு நெனக்கியோ, அத நீ அவனுக்குச் செய்யி.' ரெண்டாவது வரி, 'உனக்கு எது ஆகாதோ, அத நீ அடுத்தவனுக்குச் செய்யாத.' எழுதிட்டுத் திரும்பி, 'எலேய், ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா? வேறன்னா எது பெரிசு?'ன்னு கேட்டாரு. அந்த நேரம் பாத்துக் கரண்ட் போயிட்டு. நாளைக்குச் சொல்லுதேன்னாரு. அந்த வாரமே அவருக்கு மாத்தலாயிட்டு. அவரு பாட்டுக்குப் போயிட்டாரு, எங்க ரெண்டு பேரு தலையில அத ஏத்தி விட்டுட்டு.

ரெண்டு பேருன்னா நானும் ஆவுடையப்பனும். பெஞ்சில பக்கத்துல உக்காந்தவன். அவன்தான் எதுத்த வீட்டுக்காரன். பந்தல் கடை வச்சிருக்கான். பந்தல், சேர், அண்டா, பிணம் வைக்க ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு. ஊர்ல கல்யாணம்னாலும் அவன்தான், கேதம்னாலும் அவன்தான். பால்துரை டீக்கடையில காலம்பற உக்காந்தோம்னா இதுதான் பேச்சு. அவன் முத வரி. நான் ரெண்டாவது வரி.

அவனுக்கு மனசு பெரிசு தம்பி, அத நான் மறுக்கல. ஆனா இம்சை. அவனுக்கு டீயில சீனி தூக்கலா இருக்கணும், அதனால நமக்கும் தூக்கலாப் போடச் சொல்லுவான். அவனுக்கு ஆளு கூட இருந்தாத்தான் தெம்பு. அதனால யாராவது ஆஸ்பத்திரியில கெடந்தா காலையிலயே போயி உக்காந்துருவான். கதை, சிரிப்பு, பக்கத்துக் கட்டில்காரனுக்கும் சேத்து. பால்துரைக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் பண்ணி, சிரிச்சாத் தையல் பிரிஞ்சிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவன் போயி மூணு நாள் சிரிக்க வச்சான். 'அண்ணாச்சி, என்னைய வேற வார்டுக்கு மாத்திரச் சொல்லுங்க'ன்னு பால்துரை எனக்குப் போன் பண்ணுதான்.

நான் சொல்லுவேன், "வே ஆவுடை, உம்ம விதியில நல்லது பாதி, சேதாரம் பாதி. என் விதியப் பாரும். எனக்கு எது ஆகாதோ அத நான் யாருக்கும் செய்யல. எவனுக்கும் ஒரு கீறல் கெடையாது."

அவன் சொல்லுவான், "உம்ம விதிக்கு மனுசனே வேண்டாம்வே. ஒரு ஆட்டுக்கல்லு போதும். அதுவும் யாருக்கும் ஒண்ணும் செய்யாது."

பேசத் தெரிஞ்சவன்.

எங்க வீட்டுல ஒரு மூணாவது கட்சி இருந்தா. எம் பொண்டாட்டி, சொர்ணம். அவ ராப்பள்ளிக்கூடமும் போகல, பகல் பள்ளிக்கூடமும் போகல. நாங்க வாசல்ல உக்காந்து பேசுதத உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருப்பா. ஒரு நா முறத்தோட வெளிய வந்து சொன்னா, "நீங்க ரெண்டு பேரும் கண்ணாடியப் பாத்துக்கிட்டே ஊருக்கு நல்லது செய்யுதீக. ஏன், வாயத் தொறந்து 'உனக்கு என்ன வேணும்'னு ஒரு வார்த்தை கேட்டா என்ன, வாயில இருந்து முத்தா உதுந்துரும்?"

நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். அந்த ஒரு விஷயத்துல மட்டும் ஆவுடையும் நானும் ஒண்ணு. கேட்டுச் செஞ்சா அதுல என்ன தம்பி மருவாதை இருக்கு? 'உனக்குப் பசிக்கா'ன்னு கேட்டுச் சோறு போட்டா அது ஓட்டலு. கேட்டா எதுத்தவன் வெக்கப்படுவான், வேண்டாம்பான், பொய் சொல்லுவான். எங் கல்யாணத்துல எங்கிட்ட யாரும் 'பொண்ணு புடிச்சிருக்கா'ன்னு கேக்கல. கேட்டிருந்தா எனக்குக் கூசிப் போயிருக்கும். அதனால மகளுக்கு முடிக்கும்போது நானும் அவகிட்ட கேக்கல. கூச வைக்கக் கூடாதுல்லா. ஈரோட்டுல நல்லாத்தான் இருக்கா. நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. அதுக்கு மேல பேச மாட்டா, என்னைய மாதிரி.

துட்டி விஷயத்துக்கு வாரேன்.

எங்கய்யா செத்தப்போ நான்தான் மூத்த மவன். எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. வாசல்ல பெஞ்சு போட்டு ஆம்பளைக வரிசையா உக்காந்திருப்போம். வாரவுக ரெண்டு கையையும் சேத்து நீட்டுவாக, நாம அதத் தொட்டுக்கிடணும். தொட்டதும் 'எப்படி ஆச்சு?'ன்னு கேப்பாக. நாம சொல்லணும். இன்னிக்கு வந்தவனுக்கும் சொல்லணும், நாளைக்கு வாரவனுக்கும் சொல்லணும், பதினாறாம் நா வரைக்கும். கடைசியில எனக்கு எங்கய்யா செத்த கதை, தாலுகா ஆபீஸ்ல மனு வாசிக்கிற மாதிரி ஆயிட்டு. 'காலையில காப்பி குடிச்சாரு, வேர்க்குதுன்னாரு, சரிஞ்சிட்டாரு.' ஒருத்தரு, பேரு வேண்டாம், பாதியில தடுத்து 'காப்பியில சீனி போட்டிருந்தீகளா'ன்னு கேட்டாரு. அன்னிக்கே முடிவு பண்ணேன். எனக்கு இது ஆகாது. எனக்கு ஆகாதத நான் எவனுக்கும் செய்ய மாட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசியில, ஆவுடை மவன் கதிரேசன் பைக்குல போயி லாரியில அடிபட்டுச் செத்துட்டான். காலேஜு முடிச்சிட்டு அப்பனுக்குக் கடையில கூட இருந்த பையன்.

ஊருக்கே பந்தல் போடுதவன் வீட்டுல யாரு பந்தல் போடுவா? அவன் கடை ஆளுக எல்லாம் அழுதுக்கிட்டு நிக்கானுக. நான்தான் போயிக் கடையைத் தொறந்தேன். தகரம் எறக்குனேன், சேர் எறக்குனேன், ஐஸ் பெட்டிக்கு ஒயர் இழுத்தேன். வயரிங் எனக்குத் தெரியும்லா. ஆம்புலன்ஸ், சுடுகாடு, எல்லாம் நான்தான். ஆவுடை பெஞ்சில உக்காந்திருக்கான். ஒவ்வொருத்தனா வந்து கையை நீட்டுதான், எப்படி ஆச்சுங்கான். இவன் சொல்லுதான், 'வளைவுல லாரி வந்துட்டு'ங்கான். நான் அந்தப் பெஞ்சுப் பக்கமே போகல. நானாவது அவனச் சும்மா விடணும்னு நெனச்சேன். மனுசனுக்கு மனுசன் அம்புட்டாவது செய்ய வேண்டாமா?

அதுக்கப்புறமும் அப்படித்தான். எதுத்த வீடுல்லா, தெனமும் பாப்போம். நான் மழையப் பத்திப் பேசுவேன். மோட்டார் சத்தம் சரியில்லையே, பேரிங் போயிருக்கும்னு சொல்லுவேன். கதிரேசன் பேர எடுக்கவே மாட்டேன். அவன் பைக்கு அந்த வீட்டு முன்னால நசுங்கிக் கெடந்துச்சு. அந்தப் பக்கம் நான் மொகத்தையே திருப்பல. அம்புட்டு கவனமா இருந்தேன் தம்பி, சும்மா சொல்லக் கூடாது.

சாயங்காலம் ஆச்சுன்னா ஆவுடை வாசல்ல ரெண்டு சேரு எடுத்துப் போடுவான். ஒண்ணுல அவன் உக்காருவான். ஒண்ணு சும்மா கெடக்கும். நான் ஜன்னல் வழியாப் பாப்பேன். சொர்ணத்துகிட்ட சொல்லுவேன், "பாரு, தேறிட்டான். காத்தாட உக்காந்திருக்கான்."

அவ தெனமும் அங்க போவா. ரசம் கொண்டு போவா, ஆவுடை பொண்டாட்டி, அந்த மதினிகூட உக்காந்து அழுதுட்டு வருவா. பதினஞ்சாம் நா வந்து சொன்னா, "அண்ணன் உங்களத்தாங்க கேக்காரு. 'எல்லாரும் கேட்டுட்டானுக, கோமதி ஒரு வார்த்தை கேக்கலையே'ங்காரு."

"சும்மா கேப்பான்."

"சும்மா இல்லங்க. ஒரு எட்டுப் போயி கையைத் தொட்டுட்டு, எப்படி ஆச்சுன்னு கேட்டுட்டு வந்துருங்க. நாளையோட பதினாறு முடியுது. அதுக்கப்புறம் கேக்கப் போனா அபசகுனம்பாக."

"எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும்லா. வளைவுல லாரி வந்துட்டு. தெரிஞ்சத எதுக்குக் கேக்க?"

அதுக்கு அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருந்தா எனக்குப் பிடிக்கும், அதனால அத்தோட விட்டுட்டேன்.

பதினாறு முடிஞ்சுது. அதுக்கு மறுநாத்துல இருந்து அவன் எங்கூடப் பேசல. நான் மழைன்னா, அவன் வீட்டுக்குள்ள போயிருவான். பால்துரை கடைக்கு வாரத விட்டுட்டான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேற கடை. அங்க டீ வாயில வைக்க முடியாது, அது அவனுக்கும் தெரியும். அம்புட்டுக்கு என்ன கோவம்? நான் என்ன செஞ்சேன்? அதத்தான் யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே செய்யலையே! என் விதியில அதான அழகு?

போயிக் கேட்டிருக்கலாமேங்கீங்களா? என்னத்த? 'ஏன்வே எங்கூடப் பேச மாட்டேங்கீரு'ன்னா? அப்படி எங்கிட்ட யாராவது வந்து நின்னு கேட்டா எனக்கு அந்த எடத்துலயே உசுரு போயிரும். அத நான் இன்னொருத்தனுக்கு எப்படிச் செய்ய?

எல்லாம் சொர்ணம் வழியாத்தான். அவ போவா வருவா. 'அண்ணனுக்கு மூட்டு வலி', 'மதினி மக வீட்டுக்குப் போயிருக்கா', 'அண்ணன் மெலிஞ்சிட்டாரு'. அவ சொல்லுவா, நான் கேட்டுக்கிடுவேன். இங்க நடக்கது அங்கயும் அப்படித்தான் போயிருக்கும். ஒரு ஒயரு மாதிரி. ரெண்டு பக்கமும் கரண்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இந்த ஆனியில அவ செத்துட்டா.

இல்ல தம்பி, பரவால்ல. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். காலையில இட்லி அவிச்சா, எனக்கு வச்சா. நெஞ்சு கரிக்குதுன்னா. மேலுக்கு முடியாதப்போ என்னைய நச்சு நச்சுன்னு 'எங்க வலிக்குது, எப்படி வலிக்குது'ன்னு கேட்டா எனக்கு எரிச்சலா வரும். அதனால நானும் கேக்கல. மோரு குடிச்சிட்டுக் கொஞ்சம் படுன்னேன். படுத்தா. இடது தோளப் புடிச்சுக்கிட்டேதான் படுத்தா. நான் சத்தம் போடக் கூடாதுன்னு ரேடியோவைக் கூட அமத்திட்டு, கடையில ஒரு பம்பு செட்டு வேலை கெடந்துச்சு, அதப் பாக்கப் போயிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன், தூங்குதா. எழுப்ப வேண்டாம்னு நானே போட்டுச் சாப்பிட்டேன். சாயங்காலம் எழுப்பப் போனேன். தூக்கத்துலயே போயிட்டா. யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல, ஒரு கேள்வி இல்ல. கொடுத்து வச்சவ.

நீங்க கேக்காமலே உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன் பாத்தீங்களா? பஸ்ஸுல்லா, பேசிக்கிட்டே போனா நேரம் போகும்.

இப்போ ஆவுடை என்ன செஞ்சான்னு கேளுங்க. நான் தகவலே சொல்லி விடல. தெருவுல அழுக சத்தம் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்துல வேன் வந்து நிக்கி. பந்தல் எறங்குது, சேர் எறங்குது, ஐஸ் பெட்டி எறங்குது. ஆவுடை தெரு முக்குல நின்னுக்கிட்டு ஆளுகள ஏவுதான். சுடுகாடு வரைக்கும் எல்லா வேலையும் அவன்தான். பெஞ்சில நானும் மருமகனும் உக்காந்திருக்கோம். வாரவுக கையை நீட்டுதாக, எப்படி ஆச்சுங்காக. நான் சொல்லுதேன், இட்லி அவிச்சா, நெஞ்சு கரிக்குதுன்னா, மோரு குடிச்சா. சொல்லிக்கிட்டே தெரு முக்கப் பாக்கேன். அவன் ஐஸ் பெட்டி ஒயரச் சுத்திக்கிட்டு நிக்கான். பெஞ்சுப் பக்கம் வரல.

மறுநாளும் வரல. எட்டாம் நா வரல. பதினாறாம் நா பாயசத்துக்கு அண்டா கொடுத்து விட்டான், அவன் வரல.

மருமகன் சொன்னாரு, "என்ன மாமா, எதுத்த வீட்டுக்காரர் இப்படிப் பண்ணிட்டாரு?" நான் சொன்னேன், "மாப்ள, உங்களுக்குத் தெரியாது. இம்புட்டு வருஷத்துக்கு அப்புறம் அவன் என் கட்சிக்கு வந்திருக்கான். ஜெயிச்சது நான்தான்."

ஜெயிச்சேன். ஆனா ஒரு சந்தேகம். கொஞ்சம் கேளுங்க, நீங்க படிச்சவரு மாதிரித் தெரியுது. அவன் வராம இருந்தது எந்த விதியில சேத்தி? 'கோமதிக்கு இது ஆகாது, அதனால செய்யக் கூடாது'ன்னு நெனச்சு வராம இருந்திருக்கலாம். அப்படின்னா அது சிநேகிதம். அதவிடப் பெரிய சிநேகிதம் கெடையாது. இல்லன்னா, 'நீ எனக்குச் செஞ்சத நான் உனக்குச் செய்யுதேன், அனுபவி'ன்னு வராம இருந்திருக்கலாம். அது பழி. அதவிடப் பெரிய பழியும் கெடையாது. பந்தல் ஒண்ணுதான், ஐஸ் பெட்டி ஒண்ணுதான், முக்குல நின்ன மனுசனும் ஒண்ணுதான். வெளிய இருந்து பாத்தா ரெண்டுக்கும் ஒரு நூலு வித்தியாசம் தெரியல. ஞானையா சாரு போர்டுல இத எழுதவே இல்ல.

எப்படித் தெரிஞ்சுக்கிட? அவன்கிட்ட கேட்டாத்தான் தெரியும். அங்க போயிக் கேட்டுட்டு வார ஆளு செத்துட்டா.

நான் என்ன பண்ணேன்னா, சாயங்காலம் வாசல்ல ரெண்டு சேரு எடுத்துப் போட்டேன். சும்மாதான். வீட்டுக்குள்ள புழுக்கமா இருந்துச்சு. ஒண்ணுல நான் உக்காந்தேன். எதுத்த ஜன்னல்ல அவன் நிக்கது தெரியும். பாத்துக்கிட்டு நிப்பான். நான் தேறிட்டேன்னு நெனச்சிருப்பான். தேறித்தான் இருந்தேன். ஆனா ராத்திரிச் சோறு எறங்கல, எடுத்து வச்சிட்டுப் படுத்துருவேன். கடையில ஒரே மோட்டாருக்கு ரெண்டு தடவ தப்பாக் காயில் சுத்திட்டேன். மக போன்ல, 'வந்துருங்கப்பா'ன்னா. 'உனக்குச் சம்மதமா, மாப்பிள்ளைக்குச் சம்மதமா'ன்னு நான் கேக்கல. அவளும் 'உங்களுக்கு வரப் பிரியமா'ன்னு கேக்கல. ரெண்டு பேருக்கும் சங்கடம் இல்லாமக் காரியம் முடிஞ்சிட்டு.

எது, ராஜபாளையம் வந்துட்டா? உங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். முடிச்சிருதேன்.

இன்னிக்குக் காலையில நடந்தது இது. பையை வெளிய வச்சிட்டுக் கதவப் பூட்டுதேன். திரும்பிப் பாத்தா ஆவுடை. தெருவத் தாண்டி வந்து எங்க நடைக்கு முன்னால நிக்கான். சட்டை போட்டு, துண்டை இடுப்புல கட்டியிருக்கான். கதிரேசன் செத்ததுல இருந்து அவன் அந்தத் தெருவத் தாண்டி எங்க வாசலுக்கு வந்ததே இல்ல தம்பி. மொகம் வத்திப் போயிக் கெடக்கு. வாயத் தொறக்கப் போனான். எனக்குப் பாவமா இருந்துச்சு. அவன் எதையாவது கேட்டு, நான் எதையாவது சொல்லி, ரெண்டு பேரும் நடுத்தெருவுல நின்னு அசிங்கப்படவா? அவன் கையை மட்டும் நீட்டுனான்.

எங்க தெருவுல ஊருக்குப் போறவுக எதுத்த வீட்டுலதான் சாவி கொடுத்துட்டுப் போவாக. எப்பவும் அதான் வழக்கம். சொர்ணம் இருக்கையில அவதான் கொண்டு போயிக் கொடுப்பா. அத இவன் ஞாபகம் வச்சு வந்திருக்கான் பாருங்க! நான் சாவிய அவன் கையில வச்சேன். "நல்லதண்ணி வந்தா தொட்டிய ரொப்பிரும்வே"ன்னேன். அவன் கையைப் பாத்தான். என்னையப் பாத்தான். நான் பையை எடுத்துக்கிட்டு நடந்துட்டேன். அவன் ஒரு வார்த்தை கேக்கல, நான் ஒரு வார்த்தை கேக்கல. எம்புட்டு கண்ணியமா முடிஞ்சுது பாருங்க.

எப்படி நீட்டுனானா? இந்தா, இப்பிடித்தான். ரெண்டு கையையும் சேத்து, கொஞ்சம் குனிஞ்சு...

என்ன தம்பி? எதுக்குக் கையைப் புடிக்கீங்க? நான் சும்மா காட்டுனேன். அவன் நீட்டுன மாதிரிக் காட்டுனேன். எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க. எப்படி ஆச்சா? அதான் சொன்னேன்லா... நெஞ்சு கரிக்குதுன்னா...

விடுங்க தம்பி. ஆளுக பாக்காக.

சாவி சின்னச் சாவி. கோத்ரெஜ் பூட்டுச் சாவி. அத வாங்க ஒரு கை போதும்லா?

அய்யோ.

இல்ல, கண்டக்டரக் கூப்பிடாதீங்க. விசில் அடிக்கச் சொல்லாதீங்க, பஸ்ஸு போட்டும். எறங்கி என்ன செய்ய? துட்டி கேக்குத நாளெல்லாம் எப்பவோ முடிஞ்சிட்டு. அதையும் மீறித்தான் அவன் வந்து நின்னிருக்கான். நான் இப்போ திரும்பிப் போயி அவன் வாசல்ல நின்னேன்னு வைங்க, வாய்க்கு ஒரு வார்த்தையும் வராது, எனக்குப் பழக்கமில்ல. கையைத்தான் நீட்டுவேன். அவன் என்னன்னு நெனப்பான்? சாவிக்கு வந்திருக்கேன்னு நெனச்சு, எடுத்துக் கையில கொடுத்துருவான்.